காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: வளைமர நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது மங்குச் சாமானும் (எனாமல் பூசிய பாத்திரம்) மரத்தூணும் கண்ணாடிச் சட்டமும்தான். நாற்காலி பின்னால் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துப்போட்டு, தூசி படிந்து, சில சமயம் இருக்கையே இல்லாமல் வெறும் வளையமாகக் கிடக்கும். அந்தக் குவியலில்தான் இந்தத் தெருவின் சிறந்த சரக்கு இருக்கிறது என்பது எங்கள் தீர்ப்பு. அதே தெருவில் பாலிஷ் போட்டு, பளபளவென்று வாசலில் நிறுத்தியிருக்கும் நாற்காலியை வாங்க வேண்டாம் என்பதும் அதே அளவு உறுதியான தீர்ப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. யார் செய்தது என்ற விவரம் தூசி படிந்ததில் அப்படியே இருக்கும். பாலிஷ் போட்டதில் பெரும்பாலும் அழிந்திருக்கும்.

எந்த நாற்காலியைச் சொல்கிறோம் என்றால், உருண்டையான மரக்கம்பை ஆவியில் வேகவைத்து வளைத்துச் செய்தது. பின்னங்கால் இரண்டும் முதுகும் ஒரே நீளக் கம்பு. நடுவில் பிரம்புப் பின்னல் போட்ட வட்ட இருக்கை. மும்பை இரானி ஓட்டல்களின் படங்களில் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் மேல்மாடி அறைகளிலும் இவை கிடந்தன. வீடுகளைப் பிரிக்கும்போது கதவு, நிலை, உத்தரத்தோடு இவையும் காரைக்குடிக்கு வந்து சேர்கின்றன.

கடையில் மூன்று சொல் கேட்பீர்கள்: "தோனெட்", "வியன்னா சேர்", "பர்மா தேக்கு". மூன்றையும் ஒரே நாற்காலிக்குச் சொல்வார்கள். இவற்றில் மூன்றாவது, முதல் இரண்டோடு சேரவே சேராது.

வியன்னாவில் தொழில் நடத்திய மிகையேல் தோனெட் 1853-இல் மகன்கள் பெயரில் 'கெப்ரூடர் தோனெட்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1859-இல் வந்த 14-ஆம் எண் நாற்காலிதான் இந்த வகையின் தாய். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிக்கான துண்டுகள் அடங்கும். கப்பலில் உலகம் முழுவதும் போனதற்கு அதுதான் காரணம். மரம் பீச், மத்திய ஐரோப்பியக் காடுகளில் வளர்வது. தேக்கு அல்ல.

வாங்குபவர்கள் தவறவிடும் விஷயம் இங்கே வருகிறது. தோனெட்டின் தனியுரிமை 1869-இல் முடிந்தது. அதன் பிறகு யாரும் இதே நாற்காலியைச் செய்யலாம் என்றாகி, பலரும் செய்தார்கள். ஜேக்கப் அண்ட் ஜோசப் கோன், ஃபிஷெல், முண்டுஸ் என்று போட்டி நிறுவனங்கள் கிளம்பி, வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆகவே முதுகின் வளைவை வைத்து "இது தோனெட்" என்று யாராவது சொன்னால், அது இந்த வகை நாற்காலி என்பதற்கு மேல் ஒன்றும் நிரூபணமாகவில்லை. விலை மட்டும் தோனெட் விலையாக ஏறிவிடும். முதுகு வகையைச் சொல்லும், செய்தவரைச் சொல்வது அடிப்பக்கம்.

எனவே கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர்கள் இதற்குத் தடை சொல்வதில்லை. இந்தத் தெருவுக்கு நாங்கள் தரும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான். "அண்ணே, கொஞ்சம் திருப்பிப் பார்த்துக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கையில் ஒரு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மென்மையான பெயிண்ட் பிரஷ், ஒரு வெள்ளைத்தாள், சின்னக் காந்தம் இருந்தால் போதும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பழைய காகித லேபிள் ஈரம் பட்டால் கையோடு வந்துவிடும்.

இருக்கை வளையத்தின் உள்முகத்தைப் பாருங்கள். அதாவது பிரம்புக்குக் கீழே, நடுப்பக்கம் நோக்கியிருக்கும் மரப்பரப்பு. காகித லேபிள் அங்கேதான் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயோ அதே வளையத்தில் வேறு இடத்திலேயோ அழுத்திப் பதித்த எழுத்து இருக்கும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், மரத்தோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பதிப்பு, சாய்வு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும். வளையத்தைச் சுற்றி முழு வட்டமும் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு.

பெயர் கிடைத்ததும் நாட்டின் பெயரைத் தேடுங்கள். பிறநாட்டுச் சரக்கில் உற்பத்தி நாட்டைக் குறிக்கும் வழக்கம் வணிகக் குறிச் சட்டங்களால் பரவியது. பிரிட்டனில் அது 1887, இந்தியாவில் 1889. காலத்தைக் கணிக்க இதைவிட எளிய கருவி இல்லை. 'ஆஸ்திரியா' என்று இருந்தால் பொதுவாக 1918-க்கு முன். 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தால் அதற்குப் பின்தான், ஏனென்றால் அப்படியொரு நாடே 1918-இல்தான் பிறந்தது. தோனெட்டின் முதன்மையான ஆலைகள் மொராவியாவில் இருந்தன. முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரியப் பேரரசு உடைந்தபோது ஆலை அதே இடத்தில் நின்றது, எல்லைக்கோடு நகர்ந்தது. அதனால் 'தோனெட்' என்ற பெயரோடு 'செக்கோஸ்லோவாகியா' என்று கண்டால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது நல்ல சரக்கு, காலம்தான் பிந்தியது. 'போலந்து' என்றிருந்தாலும் அதே கணக்கு.

நிறுவனப் பெயர்கள் இணைந்த விதமும் காலத்தைச் சொல்லும். கோனும் முண்டுஸும் 1914-இல் ஒன்றாயின. 1920-களின் தொடக்கத்தில் தோனெட்டும் அவற்றோடு சேர்ந்து 'தோனெட் முண்டுஸ்' ஆனது. 'கோன்' என்று தனியாக இருந்தால் 1914-க்கு முந்தையது என்று பொதுவாகக் கொள்ளலாம். 'தோனெட் முண்டுஸ்' இருந்தால் அதை "நூற்றைம்பது வருஷச் சாமான்" என்று விற்க முடியாது. கோன் பெயர் போட்ட நாற்காலியைத் தோனெட்டுக்கு ஒரு படி கீழாக மதிப்பிடும் பழக்கம் இருக்கிறது. வேலைப்பாட்டில் அப்படி ஒரு குறையும் கிடையாது. பெயருக்காக வாங்காமல் உட்கார வாங்குபவர்களுக்கு நாங்கள் கோன் நாற்காலியைத்தான் தேடச் சொல்வோம்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு குழப்பத்தை இங்கே சொல்ல வேண்டும். இங்கே வீட்டுச் சாமானில் குடும்ப விலாசம் போடுவது வழக்கம். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைப் பித்தளையில் வெட்டுவார்கள், மரத்தில் வர்ணத்தால் எழுதுவார்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது எது யார் வீட்டுடையது என்று தெரிய வேண்டுமே. தமிழெழுத்தில் இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று தலைப்பெழுத்துகள் புள்ளி வைத்து இருந்தால், அதை உற்பத்தியாளர் குறி என்று எண்ணி இணையத்தில் தேடோ தேடென்று தேடுகிறவர்கள் உண்டு. வேறுபாடு எளிது. விலாசம் வெளியே தெரியும் இடத்தில், கையால், பாலிஷுக்கு மேல் இருக்கும். ஆலைக் குறி மறைவான இடத்தில், அச்சால், பாலிஷுக்குக் கீழ் இருக்கும். விலாசத்தைச் சுரண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். நாற்காலி செட்டிநாட்டு வீட்டிலிருந்துதான் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்னொரு குழப்பம் விற்ற கடையின் பெயர். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்கப் போன ஊர்களில் பெரிய ஐரோப்பியக் கடைகள் இருந்தன. ரங்கூனில் ரோ அண்ட் கோ, பல நகரங்களில் வொயிட்வே லெய்ட்லா. இப்படி ஒரு பெயர் தகட்டிலோ சீட்டிலோ இருந்தால் அது வாங்கிய இடத்தைச் சொல்கிறது, செய்தவரை அல்ல. தகட்டைக் கண்ட மகிழ்ச்சியில் வளையத்தைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

போலிக் குறியும் உண்டு. லென்ஸை எடுங்கள். ஆலையில் பதித்த எழுத்து பாலிஷுக்கு முன் விழுந்தது. ஆகவே எழுத்துக் குழிக்குள்ளும் பாலிஷ் இறங்கி, நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கும், பல காலத் தூசி உள்ளே கறுத்து இறுகியிருக்கும். புதிதாக அடித்த பதிப்பில் குழியின் அடி வெளிறிய புது மரமாகத் தெரியும், ஓரத்தில் பாலிஷ் நொறுங்கியிருக்கும். லேபிள் விஷயத்தில், காகிதம் பழுத்திருந்தாலும் எழுத்து புள்ளி புள்ளியாக இருந்தால் அது கணினி அச்சு. லேபிளே இல்லாமல் சற்று வெளிறிய செவ்வகத் தடம் மட்டும் இருந்தால் அது நல்ல அறிகுறி. காகிதம் நெடுங்காலம் மூடியிருந்த இடம் அப்படித்தான் நிறம் மாறாமல் நிற்கும். பெயர் போனாலும் ஆலைச் சரக்கு என்பது தெரிகிறது.

இனி, லேபிளும் இல்லை, பதிப்பும் இல்லை, தடமும் இல்லை என்ற நிலை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் ஐரோப்பிய ஆலைச் சரக்கா, உள்ளூரிலோ பிற்காலத்திலோ செய்த நகலா என்பதை மரமே சொல்லிவிடும்.

முதல் சோதனை மரத்தின் முகம். பாலிஷ் தேய்ந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பீச் மரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்புக் கீறல்கள், எள்ளைத் தூவினாற்போல், மரத்தின் நீளவாக்கில் நெருக்கமாக இருக்கும். தேக்கில் அந்தப் புள்ளி கிடையாது. வளர்வளையக் கோடும், கண்ணுக்கே தெரியும் துவாரக் கோடுகளும் இருக்கும். சுரண்டினால் எண்ணெய்ப் பசையும் தேக்குக்கே உரிய வாசனையும் வரும். ஆக, எள் தூவிய மரத்தைப் "பர்மா தேக்கு" என்று சொன்னால் அந்த விலையை ஏற்காதீர்கள். உண்மையிலேயே தேக்காக இருந்தால், அது வியன்னா நாற்காலி அல்ல.

இரண்டாவது சோதனை வளைவு. ஆவியில் வளைத்த கம்பில் மர ரேகை வளைவோடு கூடவே ஓடும், எங்கும் அறாது. தோனெட்டின் உத்தி இதுதான்: வளைக்கும்போது வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டையை இறுக்கிக் கட்டினார்கள். பட்டை நீளாது, அதனால் மரத்தின் வெளிப்பக்கம் இழுபட்டுப் பிளக்காமல் உள்பக்கம் அமுங்கி வளையும். அறுத்துச் செய்த நகலில் வளைவை இரண்டு மூன்று துண்டாகப் பலகையில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். ரேகை வளைவைக் குறுக்கே கடக்கும், ஒட்டு தெரியும், சாய்ந்து உட்கார்ந்தால் உடைவதும் அங்கேதான். ஒரே விதிவிலக்கு இருக்கை வளையம். நல்ல ஆலை நாற்காலியிலும் அதில் ஒரு சாய்வெட்டு ஒட்டு உண்டு. அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

மூன்றாவது, திருகு. பழைய நாற்காலியில் ஒற்றைக்கோடு வெட்டிய தலை. கூட்டல்குறித் தலை 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. ஒன்றிரண்டு திருகு மட்டும் அப்படி இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். பத்தும் அப்படி இருந்தால் நாற்காலி முழுவதும் பிரித்துக் கோத்ததாக இருக்கும், அல்லது அண்மைக்கால நகல். திருகைச் சுற்றி மரம் கறுத்திருப்பது நல்லது. இரும்பு பல காலம் அதே துளையில் இருந்த அடையாளம் அது.

இருக்கையையும் பாருங்கள். வளையத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருந்தால் கைப்பின்னல். துளைக்குப் பதில் ஒரே பள்ளம் ஓடி, அதில் பின்னிய பாயை அமுக்கிக் குச்சி அடித்திருந்தால் இயந்திரப் பின்னல், பொதுவாகப் பிற்காலத்தது. பூவேலை அழுத்திய ஒட்டுப்பலகை இருக்கையும் ஆலைகள் போட்டதுண்டு. ஆனால் பலகைக்கு அடியில் காலியான துளை வரிசை தெரிந்தால், பின்னல் அறுந்தபின் யாரோ பலகை அடித்துவிட்டார்கள் என்று பொருள். பலகையை எடுத்துவிட்டுத் திரும்பப் பின்னலாம், அது இழப்பல்ல.

செட்டிநாட்டு வெயிலில் இவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும். பூட்டிய வீட்டில் வருஷக்கணக்கில் உலர்ந்த நாற்காலியில் பழைய வச்சிரம் (மரத்தை ஒட்டும் பசை) உடைந்து, முன்னங்காலின் முளை இருக்கைத் துளைக்குள் ஆடும். கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும். இது சரிசெய்யக்கூடியது. பழைய வச்சிரத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டி ஒரு நாள் இறுக்கிக் கட்டினால் நிற்கும். ஆணி அடித்து நிறுத்தியிருந்தால் வாங்காதீர்கள். ஆணி வளையத்தை நீளவாக்கில் பிளந்திருக்கும், அந்தப் பிளவு ஒட்டாது. அடுத்தது பூச்சி. தேக்கைத் தொடாத வண்டு பீச்சை விரும்பும். ஓரிரு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் தெரிந்தால், வெள்ளைத்தாளை விரித்து நாற்காலியை அதன்மேல் தட்டுங்கள். வெளிறிய மாவு கொட்டினால் வண்டு உயிரோடு உள்ளே இருக்கிறது. வீட்டில் மற்ற மரத்துக்கும் பரவும். துளை மட்டும் இருந்து, மாவு இல்லாமல், உள்ளே கறுத்திருந்தால் பழைய கதை. பின்னங்கால் இருக்கையைத் தாங்கும் இடத்தில், நட்டுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். உட்காருபவரின் எடை முழுதும் விழுவது அங்கேதான்.

தெருவில் கிடைக்கும் பாலிஷ் சேவைக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. இயந்திர உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் உருண்டைக் கம்பில் தட்டைத் தழும்பு விழும். அதற்குள் பதிப்பும் லேபிளும் போய்விடும். காஸ்டிக் சோடாவில் முக்கினால் பழைய பூச்சோடு வச்சிரமும் கரைந்து மூட்டெல்லாம் விட்டுப்போகும். பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கு. உறுதிசெய்ய, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் அரக்கு, அசையாமல் நின்றால் மெலமைன் போன்ற புதுப் பூச்சு. அரக்கு என்றால் வேலை பாதி முடிந்தது. தூசியைத் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லியதாக இரண்டு மூன்று கை ஓட்டினால் பழைய பூச்சோடு ஒன்றாகும். எதையும் உரிக்க வேண்டாம்.

பிரம்புப் பின்னலுக்கு மட்டும் தயங்காமல் கைவேலைக்காரரிடம் கொடுங்கள். இயற்கைப் பிரம்பு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நைலான் ஒயர் பின்னலாக வந்துவிடும். வித்தியாசம் கண்டுபிடிக்க, கணுவைத் தேடுங்கள். பிரம்பில் இடையிடையே கணுத்தடம் இருக்கும், நைலான் முழுக்க ஒரே வழவழப்பு. நீளத்தில் இரண்டு இழை, குறுக்கில் இரண்டு, மூலைவிட்டமாக இரண்டு என ஆறு ஓட்டம் இருந்தால்தான் எண்கோணக் கண் சரியாக விழும். பின்னல் தொய்ந்திருந்தால் உடனே மாற்றாதீர்கள். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் இறுகிவிடும். (லேபிள் இருக்கும் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் அதே கடையின் மற்ற சாமானுக்கும் உதவும். மங்குத் தூக்கின் அடியில் 'கொக்கும்ஸ், ஸ்வீடன்' என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அடி சில்லு போகாததும், மூடி அதே நிறச் சாயலில் இருப்பதும் முக்கியம். அடுக்குகள் வேறு வேறு செட்டிலிருந்து கோத்திருப்பது சாதாரணம். சுவர்க் கடிகாரத்தில் முகப்பில் இருக்கும் பெயர் பல நேரம் விற்ற கடையுடையது. பின்கதவைத் திறந்து இயந்திரத் தகட்டைப் பாருங்கள். எட்டுமுனை நட்சத்திரத்துக்குள் ஜே என்றால் யுங்ஹான்ஸ், குறுக்கிட்ட இரண்டு அம்பு என்றால் ஹாம்பர்க் அமெரிக்கக் கடிகார ஆலை. பெட்டி ஒன்று, இயந்திரம் இன்னொன்று என்று கலந்திருந்தால் ஆணித்துளைகள் இரட்டையாகத் தெரியும்.

விலை பேசும் இடத்துக்கு வருவோம். ஆறு நாற்காலி செட் என்று கேட்டால், ஆறையும் தனித்தனியாகக் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு கோன், ஒன்று பெயரில்லாதது, ஒன்று நகல் என்பது போன்ற கலவை அடிக்கடி வரும். அளவெடுத்தால் இருக்கை உயரத்திலும் முதுகு அகலத்திலும் வித்தியாசம் தெரியும். கலவை செட்டை வாங்கக் கூடாது என்றில்லை, செட் விலை கொடுக்கக் கூடாது. லேபிள் உள்ளதற்கு ஒரு விலை, பதிப்பு மட்டும் உள்ளதற்கு அதற்குக் கீழ், பெயரில்லாத பீச்சுக்கு அதற்கும் கீழ், நகலுக்குச் சாதாரணப் பழைய நாற்காலி விலை என்று பிரித்துப் பேசுங்கள். இந்தத் தெருக் கடைக்காரர்களுக்குச் சரக்கு தெரியும். நீங்கள் எழுத்தைக் காட்டிப் பேசினால் அவர்களும் கதையை விட்டுவிட்டுச் சரக்கைப் பேசுவார்கள். பின்னல் இல்லாததற்குப் பின்னல் கூலியை அங்கேயே கழித்துக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சத்தில் போங்கள், உள்கிடங்கில் ட்யூப்லைட்டில் மர ரேகை தெரியாது. லேபிளையும் பதிப்பையும் கடையிலேயே படம் எடுத்துவிடுங்கள். வண்டியில் ஏற்றும்போது கயிறு உரசி லேபிள் கிழிவது சகஜம். ஏற்றும் முன் அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, டேப் மரத்தில் படாமல் நூலால் கட்டுங்கள். ரசீதில் "பழைய நாற்காலி" என்று எழுதவிடாமல், நிறுவனப் பெயர், லேபிளில் உள்ள நாடு, எண்ணிக்கை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இது கட்டாயம். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகலாம், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'செக்கோஸ்லோவாகியா' லேபிளோ 'தோனெட் முண்டுஸ்' லேபிளோ இருந்தால் நூறு வருஷம் ஆகாததாக இருக்கலாம்; தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்டு இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பிக்கும்போது அந்தப் படத்தைச் சேர்த்துக் கொடுங்கள். 'ஆஸ்திரியா' என்றிருந்தால் நாற்காலியை இங்கேயே உள்ள உறவினர் வீட்டு முகப்பில் போடுவதற்கு வாங்குங்கள்.